பல்லுக்கு ஒரு புள்ளி

ஆனி 9, திங்கள்

இந்த நோட்டு என்னுடையது. அட்டையில் என் பெயரை நானே எழுதினேன். மாரப்பன். இதில் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. எழுபத்தொரு வயது வரை என் பெயருக்குள் இரண்டு புள்ளிகள் இருப்பது எனக்குத் தெரியாது. மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கிய காலமெல்லாம் கட்டை விரலை உருட்டித்தான் கூலி வாங்கினேன்.

எழுதக் கற்றுக் கொடுத்தது என் மகள் மேகலா. கோபியில் டீச்சராக இருந்தாள். பொங்கல் லீவுக்குப் பிள்ளைகளோடு வந்தவள் திரும்பிப் போகவில்லை. வேலையை விட்டுவிட்டாள். சாக்பீஸ் தூசி கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள். மாப்பிள்ளை சிவராஜ் லாரியில் வடக்கே போய்வருகிறார். தர்ஷிகாவுக்கு எட்டு வயது, மித்ரனுக்கு ஆறு. இருவரும் பள்ளிக்கூடம் போவதில்லை. மேகலாவே வீட்டில் சொல்லித் தருகிறாள். காலையில் படப் புத்தகம், வெயில் தாழ்ந்ததும் வாய்க்கால் கரை. அவ்வளவுதான் பள்ளிக்கூடம்.

படம் பார்க்கலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மித்ரன் என் கையில் ஒரு சிலேட்டைக் கொடுத்துவிட்டான். அப்படித்தான் மூன்றாவது மாணவன் ஆனேன்.

தினமும் எழுத வேண்டுமாம். மேகலா படித்துத் திருத்துவாளாம். ஆகவே படிக்கிற உனக்கு வணக்கம், கண்ணு.

ஆனி 11, புதன்

நேற்று எழுதியதில் பதினான்கு சிவப்பு வட்டங்கள். எல்லாம் புள்ளி விட்ட இடங்கள்.

"அப்பா, மூணு பல் போச்சுன்னு எழுதச் சொன்னா, மூணு பல போச்சுன்னு எழுதியிருக்கீங்க."

"ஒரு புள்ளிதான கண்ணு."

"அந்த ஒரு புள்ளி இல்லீன்னா பல் பலவாயிருதுங்கப்பா."

பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். மித்ரன் நாள் முழுக்க "பல போச்சு, பல போச்சு" என்று ஓடிக்கொண்டிருந்தான்.

இன்னொரு குறையும் சொன்னாள். நான் பேனாவை மூட்டைக் கொக்கி மாதிரி பிடிக்கிறேனாம். அழுத்துகிற அழுத்தத்தில் எழுத்து மறுபக்கம் புடைத்து நிற்கிறது. மித்ரன் தாளைத் திருப்பித் தடவிப் பார்த்து, "அப்புச்சி எழுத்து ரவை மாதிரி இருக்குது" என்றான்.

ஆனி 20, வெள்ளி

வாய்க்காலில் தண்ணீர் இன்னும் விடவில்லை. அங்கங்கே குட்டைதான். மீன்கொத்தி ஒன்று ஒயரில் உட்கார்ந்திருந்தது. மேகலா கண்ணை மூடிக்கொண்டாள். இது புது விளையாட்டு. அவள் கண்ணை மூடிக்கொள்வாள். பிள்ளைகள் பார்த்ததைச் சொல்ல வேண்டும். 'அழகா இருக்குது' என்று சொன்னால் ஆட்டம் போச்சு.

"நீல நிறம்" என்றாள் தர்ஷிகா.

"என்ன நீலம்? சொட்டு நீலமா, சங்குப்பூ நீலமா?"

"மயில் கழுத்து இருக்குதல்லோ, அதுல கொஞ்சம் தண்ணி ஊத்துன மாதிரி."

"மூக்கு?"

"மொளகாப் பழம்" என்று கத்தினான் மித்ரன். மீன்கொத்தி பறந்துவிட்டது.

எனக்கும் ஒரு முறை கிடைத்தது. குட்டை ஓரத்தில் ஒரு தவளை. எழுபது வருடமாகத் தவளையைப் பார்க்கிறேன். என்ன நிறம் என்று கேட்டதும் வாயில் சொல் வரவில்லை. உற்றுப் பார்த்தேன். அதன் முதுகில் கழுத்திலிருந்து கடைசி வரை வெளிர் மஞ்சளில் ஒரு கோடு, கொத்தனார் சுண்ணாம்புக் கயிறு அடித்த மாதிரி. சொன்னேன். மேகலா கண்ணை மூடியபடியே, "பாத்துட்டேன்ப்பா" என்றாள்.

அவள் வெகு நேரம் கண்ணைத் திறக்கவில்லை. விளையாட்டில் அவளுக்குத்தான் ஆசை அதிகம்.

ஆனி 25, புதன்

பக்கத்து வீட்டு ரங்காயா கேட்டாள்: "வாத்தியாரம்மா பெத்த புள்ளைக பள்ளிக்கோடம் போகாதாமா? மாடு மேய்க்கவா உடப் போறீங்க?" மேகலா, "மாட்டையும் படிக்கணுமல்லங்க அத்தை" என்று சொல்லிவிட்டாள்.

அவளுக்குத் தெரியாதபடி ரங்காயாவிடம் நானும் ஒன்று சொன்னேன். அதை எழுதினால் மேகலா சிவப்பு வட்டம் போடுவாள்.

ஆடி 6, செவ்வாய்

கோழியைப் பற்றிப் பாடம். கோழி நேராகப் பார்க்காது. தலையைச் சாய்த்து ஒரு பக்கத்துக் கண்ணால் பார்க்கும். மித்ரன் அப்படியே நடித்துக் காட்டினான். பிறகு, "அம்மாவும் இப்படித்தான் பாக்குது" என்றான்.

உண்மைதான். இப்போதெல்லாம் மேகலா புத்தகத்தை நேராகப் பார்ப்பதில்லை. கொஞ்சம் தள்ளிப் பிடித்து, எங்கேயோ பார்க்கிற மாதிரி பார்த்துப் படிக்கிறாள். கண்ணாடி பவர் மாற்ற வேண்டும் என்கிறாள். மாற்றிவிடலாம்.

"அப்ப அம்மா கோழி, நாங்க குஞ்சு" என்றாள் தர்ஷிகா. "அப்புச்சி?"

"அப்புச்சி கூடை" என்றான் சின்னவன். கோழிக் குடும்பத்தைக் கவிழ்த்து மூடுகிற கூடை. எனக்கு இந்தப் பட்டம் பிடித்திருக்கிறது.

ஆடி 18, ஞாயிறு

இன்று ஒரு சிவப்பு வட்டம்கூட இல்லை.

மேலே எழுதியதை நானே மறுபடி படித்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். கீழே 'மிக நன்று' என்று போட்டிருக்கிறாள். தர்ஷிகாவுக்கே அவள் 'மிக' போட்டதில்லை.

ஆடிப்பெருக்குக்குக் கடைக்குப் போனவன் எல்லாருக்கும் தேன்மிட்டாய் வாங்கி வந்தேன். ரங்காயாவிடம் நோட்டைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. சிவப்பு இல்லை என்பது அவளுக்கும் தெரிந்தது. "பரவால்லியே மாரண்ணா, கலெக்டராகிருவீங்கொ" என்றாள்.

ஆடி 20, செவ்வாய்

இன்றும் தவறு இல்லை. மிக நன்று. அந்த எழுத்து என் வரி மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அவசரமாகப் போட்டிருப்பாள். அடுப்பில் பால் இருந்தது.

ஆடி 27, செவ்வாய்

தர்ஷிகா நோட்டை எடுத்துப் பார்த்தாள்.

"அப்புச்சி, இதுல புள்ளியே இல்லையே. இங்க இல்ல. இங்கயும் இல்ல. அம்மா ஏன் சுழிக்கல?"

"காட்டு பாக்கலாம்."

அவள் விரல் வைத்த இடமெல்லாம் பார்த்தேன். 'வந்தேன', 'பாலில', 'நான கடைக்கு'. ஆடி பதினெட்டாம் தேதி வரைக்கும் திருப்பினேன். ஒரு பக்கத்தில்கூட நான் புள்ளியைச் சரியாக வைத்திருக்கவில்லை.

"அம்மாளுக்கு வேலை அதிகம் சாமி" என்றேன். "நீ வெச்சுக் குடு."

அவள் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக வைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் எதையும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆடி 28, புதன்

கோழிகளுக்குத் தீவனம் வாங்கினேன்.

ஆவணி 4, புதன்

கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் கேட்டேன், அவள் மறைக்கவில்லை. போன வருடமே அவளுக்குத் தெரியுமாம். மாப்பிள்ளைக்கும் தெரியுமாம். கரும்பலகையில் தான் எழுதியதைத் தன்னாலேயே படிக்க முடியாமல் போன அன்று வேலையை விட்டிருக்கிறாள். சாக்பீஸ் தூசி என்றது எனக்காகச் சொன்னது.

டாக்டரம்மா சின்ன வயது. ஒரு தாளில் வட்டம் போட்டு நடுவில் மையால் தேய்த்துக் காட்டினார். "நடுப் பார்வை போயிரும், பெரியவரே. ஓரம் நிக்கும். நடமாடலாம், வேலை செய்யலாம். எழுத்தும் முகமும்தான் தெரியாது. இதுக்கு மருந்து இன்னும் வரல."

பிறகு கேட்டார்: "நீங்க சொந்தத்துல கட்டுனீங்களா?"

"ஆமாங்க. எங்க அக்கா மகளுங்க."

அதை எழுதிக்கொண்டார். "இவங்க வீட்டுக்காரர்?"

"அசலுங்க, சொந்தமில்லீங்க."

"அப்ப குழந்தைங்களுக்குப் பெரும்பாலும் பயமில்ல."

பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. மேகலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "போய்ச் சேந்த அம்மாளையும் உங்களையும் சேத்து வெச்சு எதையும் நெனைக்காதீங்கப்பா" என்றாள். நான் நினைக்கவில்லை. என் கல்யாணப் பந்தலில் எல்லாரும் சந்தோஷமாகச் சொன்ன ஒரு பேச்சு மட்டும் ஞாபகம் வந்தது. சொந்தம் விட்டுப் போகவில்லை என்றார்கள்.

ஆவணி 5, வியாழன்

இனி இந்த நோட்டில் நான் எதை எழுதினாலும் அவள் படிக்கப் போவதில்லை. இத்தனை நாளும் அவள் படிப்பாள் என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். அவள் தடுக்கி விழுந்ததை எழுதவில்லை. உப்பு என்று சர்க்கரையைப் போட்டதை எழுதவில்லை. ரங்காயாவிடம், என் மகள் கண்ணைப் பற்றி வெளியில் பேசாதே என்று கையைப் பிடித்துக் கேட்டதை எழுதவில்லை. எல்லாம் எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எழுதாமல் இருந்தால் இல்லாமல் போய்விடும் என்று இருந்திருக்கிறேன்.

எழுத்து எனக்கு வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அது யாரை விட்டு எழுந்து வருகிறது என்று பார்க்கவில்லை.

ஆவணி 13, வெள்ளி

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. ஓரமாக நுரை, நுரைக்குள் வேப்பம்பழக் கொட்டை, ஒரு பிள்ளையின் செருப்பு. கண்ணை மூடும் விளையாட்டில் இன்று நான் சொன்னது இது. இப்போது நானும் நன்றாகச் சொல்கிறேன். அவள் இப்போது கண்ணை மூடுவதில்லை. திறந்துதான் வைத்திருக்கிறாள்.

திரும்பும்போது கேட்டாள்: "ஏனுங்கப்பா, என்னைய அம்மணிங்கறீங்க?"

"அம்மணிதான நீ."

"பத்து நாளா கண்ணுன்னே கூப்படல."

எங்கள் பக்கத்தில் கண்ணு என்று கூப்பிடாத ஆள் கிடையாது. பஸ் கண்டக்டரையே கண்ணு என்போம். அந்தச் சொல் இப்போது என் வாயில் வர மாட்டேன் என்கிறது.

ஆவணி 22, ஞாயிறு

மித்ரனுக்கு முன்பல் ஒன்று நாலு நாளாக ஆடிக்கொண்டிருந்தது. இன்று காலையில் கொய்யாப்பழம் கடித்தபோது விழுந்துவிட்டது. அழவே இல்லை. பல்லை எடுத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் விரலை உதட்டில் வைத்துக் காட்டினான். அம்மா கண்டுபிடிக்க வேண்டும்.

மேகலா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் நின்று, ஈ என்று முகம் முழுக்க இளித்தான்.

"அம்மா, எங்கிட்ட என்ன மாறியிருக்குது சொல்லு."

முறத்தைக் கீழே வைத்தாள். தலையைச் சாய்த்தாள். சிரித்தாள். "சட்டை மாத்தியிருக்கே."

"இல்ல. நல்லாப் பாரு."

"தலை சீவியிருக்கே. அப்புச்சி எண்ணெய் வெச்சு உட்டாங்களா?"

"நல்லாப் பாரும்மா! நேராப் பாரு!"

ஈ என்று இளித்தபடியே அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் வாயைத் திறக்கப் போனேன். தர்ஷிகா என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். பிறகு தம்பியிடம் போய், அவன் காதில் சொல்லாமல் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

"அம்மாவுக்கு நடுவுல தெரியாதுடா. நீ நடுவுல நிக்கற."

இந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. என் நோட்டில் புள்ளி வைத்த அன்றே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மித்ரன் நின்றபடி யோசித்தான். பிறகு ஓரமாக நகர்ந்து, அம்மா தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றான். "இப்ப?"

மேகலா அவனை இழுத்து மடியில் வைத்து, வாய்க்குள் விரலை விட்டுத் தடவினாள். ஈறு வரைக்கும் தடவினாள்.

"பல் போச்சா தங்கம்."

"பல போச்சு" என்றான் அவன், ஓட்டை வழியாகக் காற்றுப் போக. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புதான் முதலில் வந்தது.

பல்லைச் சாணியில் பொதிந்து ஓட்டின் மேல் எறிந்தோம். அவன் எறிந்தது உருண்டு திரும்ப வந்தது. இரண்டாவது தடவை நான் எறிந்தேன்.

புரட்டாசி 6, திங்கள்

பிள்ளைகள் இப்போது அம்மாவுக்கு எதிரில் நிற்பதில்லை. ஏதாவது காட்ட வேண்டும் என்றால் பக்கவாட்டில் போய் நிற்கிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

புத்தகம் படிப்பது இப்போது என் வேலை. பழைய புத்தகங்கள் எல்லாம் மேகலாவுக்கு மனப்பாடம். நான் திக்கினால் அவள் எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். ஆனால் மாப்பிள்ளை நாக்பூரிலிருந்து வரும்போது சேலத்தில் நிறுத்தி ஒரு புதுப் புத்தகம் வாங்கி வந்திருந்தார். அது அவள் பார்க்காத புத்தகம். மழைக்குக் குடை தேடுகிற ஒரு தவளையின் கதை.

நான் எழுத்துக் கூட்டினேன். "த... வ... ளை..."

"அப்புச்சி, சீக்கிரம்! அதுக்குள்ள மழை நின்னுரும்" என்றான் மித்ரன்.

"இருடா. எனக்கு இப்பத்தான் தவளையே வந்துருக்குது."

எடுத்துக் கொடுக்க மேகலாவிடம் ஒன்றும் இல்லை. கன்னத்தில் கை வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் படித்தேன். படத்தைத் தர்ஷிகா சொன்னாள். தவளை சேப்பங்கிழங்கு இலையைக் குடையாகப் பிடித்திருக்கிறது, இலை மேல் துளி உருண்டையாக நிற்கிறது, ஒட்டவில்லை, பாதரசம் மாதிரி.

"பாதரசம் நீ எங்கடி பாத்தே?"

"நீதான் சொன்னே. தெர்மாமீட்டர் உடைஞ்சப்ப."

மேகலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசிப் பக்கத்தை நான் இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை எனக்கே விளங்கவில்லை.

புரட்டாசி 25, சனி

தீபாவளி முடிந்ததும் இருவரையும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போவதாகச் சொன்னாள்.

"நான் இருக்கறனல்லோ. நான் படிச்சுக் காட்டறேன்" என்றேன்.

"நீங்க ரண்டாங் கிளாசுங்கப்பா. தர்ஷிகா மூணாவது போகணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சொன்னாள்: "புள்ளைக படிக்கறத என்னால இனி பாக்க முடியாது. தப்பா எழுதுனாலும் மிக நன்றுதான் போடுவேன். அது அதுகளுக்குச் செய்யற துரோகம்."

நான் என் நோட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

ஐப்பசி 3, திங்கள்

தீபாவளி. மாப்பிள்ளை வந்திருக்கிறார். மேகலா கம்பி மத்தாப்பை ஓரமாகப் பிடிக்கச் சொன்னாள். "இன்னும் தள்ளி. இன்னும். ம், தெரியுது." அவள் முகம் ஒரு பக்கம் இருந்தது, வெளிச்சம் ஒரு பக்கம் இருந்தது. மாப்பிள்ளை மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் போய் வெகு நேரம் நின்றார்.

ஐப்பசி 10, திங்கள்

பிள்ளைகள் முதல் நாள் பள்ளிக்கூடம் போனார்கள். மித்ரன் கோழிகளிடமும் சொல்லிக்கொண்டு போனான்.

வீடு சத்தமில்லாமல் இருந்தது. நான் தரையைப் பெருக்கினேன். பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கினேன். மேகலா ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையை மடியில் வைத்து விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பார்வை இல்லாதவர்கள் படிக்கிற எழுத்து.

"எப்படி இருக்குது?"

"எழுத்தே இல்லீங்கப்பா. எல்லாம் புள்ளிதான்."

"அப்ப எனக்குச் சுத்தமா வராது."

சிரித்தாள். பிறகு, "இன்னைக்கு எழுதுனீங்களா?" என்றாள்.

"ஒரு வரி."

"குடுங்க. திருத்தறேன்."

நோட்டைக் கொடுத்தேன். அவள் தாளைத் திருப்பினாள். என் அழுத்தத்தில் புடைத்திருந்த மறுபக்கத்தில் விரலை வைத்து மெல்ல நகர்த்தினாள். என் எழுத்து அங்கே இடம் வலம் மாறி, கண்ணாடியில் பார்த்த மாதிரிதான் இருக்கும். அதை யாராலும் படிக்க முடியாது. இருந்தாலும் அவள் முகம் பழைய டீச்சர் முகமாக இருந்தது. விரல் ஓர் இடத்தில் நின்றது.

"இங்க ஒரு புள்ளி உட்டுட்டீங்கப்பா."

தாளைத் திருப்பிப் பார்த்தேன். அவள் சொன்ன இடத்தில் 'பள்ளிக்கூடம்' என்று எழுதியிருந்தது. கடைசி எழுத்துக்கு மேல் புள்ளி இருந்தது. நன்றாக, உருண்டையாக, நான் இதுவரை வைத்ததிலேயே நல்ல புள்ளி.

"ஆமா கண்ணு" என்றேன். "உட்டுட்டேன்."

பேனாவை எடுத்து, அவள் காதில் விழும்படி அழுத்தி வைத்தேன். அவள் தலையை ஆட்டி, நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த எழுத்துக்கு இப்போது இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. சாயந்திரம் தர்ஷிகா வந்ததும் தப்பு என்பாள். சொல்லட்டும்.